கரையாத குழாய்க்காரர்

நோய் சீனியர் என்றொரு இனம் நம் நடுவே நடமாடுகிறது. இவர் முன்னால் நீங்கள் தும்மக் கூடாது. தும்மினால் அவருக்கு வந்த நிமோனியாவை முழுசாகக் கேட்க வேண்டிவரும். வாயுப் பிடிப்பு என்று நீங்கள் மார்பைத் தடவினால், அவர் சட்டையைக் கழற்றித் தன் மார்பைக் காட்டுவார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் காட்டுவார்.

விழுப்புரம் விருத்தாசலம் இந்த இனத்துக்கு மாவட்டத் தலைவர். அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க நெஞ்சில் ஸ்டென்ட் என்னும் குட்டிக் குழாயை வைத்த நாள்முதல், கல்யாணப் பந்தியோ, கருமாதியோ, திண்டிவனம் பஸ்ஸோ, பக்கத்தில் அகப்பட்டவரிடம் அது தொடை வழியாக ஏறிப் போன கதையை, முடிந்ததும் டாக்டர் கைதட்டினார் என்பது உட்பட, அவர் சொல்லாமல் விட்டதில்லை. டாக்டர் எதற்கையா கைதட்டுகிறார்? கேட்டுவிடாதீர்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அவருடைய சித்தப்பா மகள், திண்டிவனத்துக் கோவிந்தம்மாளுக்குக் குடலில் புற்றுநோய். கட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. உலோக ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறப்போம், பிறகு ஆபரேஷன், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அம்மாள் பயந்துபோய்க் கட்டிலைவிட்டு இறங்க மறுத்தாள். மகன் சீனுவாசன் அழுதுகூடப் பார்த்தான். குடலுக்குள்ளேயே மருந்தைக் கசியவிட்டு, வேலை முடிந்ததும் தானே கரைந்துபோகிற ஸ்டென்ட்டுக்கு எங்கோ ஆராய்ச்சி நடக்கிறதாம் என்று ஆறுதலுக்கு அவன் சொன்னது வினையாகிவிட்டது.

"அது வர்ட்டும்டா. வந்ததும் வெச்சிக்கறேன்."

"அது இன்னும் சோதனையிலதாம்மா இருக்குது. எப்ப வரும்னு டாக்டருக்கே தெரியல."

"பொறுமையா வர்ட்டும். நான் எங்க போய்டப் போறேன்?"

இந்த நேரத்தில்தான் சாத்துக்குடிப் பையுடன் விருத்தாசலம் வந்தார். கரையும் ஸ்டென்ட் என்று கேட்டதும் அவர் முகம் சுண்டிவிட்டது. தன்னுடையதைவிட உயர்ந்த சரக்கு ஒன்று உலகத்தில் வரலாமா? அதுவும் தங்கச்சிக்கு?

"கரையறதெல்லாம் ஒரு ஸ்டென்ட்டா, கல்கண்டா? என்னுது கட்டையில போற வரைக்கும் அப்டியே நிக்கும் தங்கச்சி. அத்த வெச்சிக்கத் தில்லு வேணும். நீ பயந்தாங்கொள்ளி. கஞ்சி குடிச்சிக்கினு படு."

கோவிந்தம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"டேய் சீனு, ஜல்தி ஆட்டோ கூப்புடு. கரையாததையே வெக்கட்டும், வயித்தையும் அறுக்கட்டும். ஒரே ஒரு கொழாய வெச்சிக்கினு இந்த அண்ணன் பண்ற பேஜாரு தாங்கல!"

சீனுவாசன் மாமாவின் காலில் விழாத குறை. மாமா அதைத் தன் ஸ்டென்ட்டுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

அம்மாள் பிழைத்துக்கொண்டாள். இப்போது அந்த வீட்டில் விருத்தாசலம் பேசுவதில்லை, கேட்கிறார்.

"ஒனக்கு ஒன்னுதானேண்ணே? எனக்குக் கொழாயும் ஆச்சு, ஒரு மொழம் கொடலும் போச்சு, கீமோவும் ஆச்சு. தொடையில ஊசி குத்திக்கினதுக்கா இத்தினி பேச்சு?"

"எனக்குங்கூட ரெண்டு நாளா வயித்துல என்னமோ பண்ணுது" என்கிறார் அவர், ஆசையோடு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு முழம் குடல் போயிற்று என்று படித்தபோது, ஐயோ பாவம் என்றா நினைத்தீர்கள்? உங்கள் பித்தப்பைக் கல் ஞாபகம் வரவில்லை? அது எவ்வளவு பெரிசு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். என்னுடையது அதைவிடப் பெரிசு.