இருபது சதவீதத் தண்ணீரில் மாப்பிள்ளைக் குளியல்

கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண் தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ரகம் நான். தொண்ணூறுகளில், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், இந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

தி.நகரில் ஒரு கல்யாண மண்டபம். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும். தொட்டியில் இருக்கும் சென்சார் கம்பி வழியாக அனுப்பும் மின்சாரத்தை, பூஜ்யத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் வரை ஏதோ ஒரு எண்ணாகக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். அதைச் சதவீதமாக மாற்றும் புரோகிராம் அடியேன் எழுதியது. ஆபீஸ் மேஜையில், சென்சாருக்குப் பதில் ஒரு குமிழைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை திருகிச் சோதித்திருந்தேன். மண்டபத்தில் பொருத்திய அன்று தொட்டி நிரம்பியிருந்தது; திரையில் நூறு. எங்கேயோ இருக்கிற தண்ணீர் கண்ணெதிரே எண்ணாக வந்து நிற்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது. மறுநாள் அதே மண்டபத்தில் என் அக்காவுக்குக் கல்யாணம்.

விடிகாலை முகூர்த்தம். மாடிப்படி உச்சியில் இருந்த அறையில், திரைக்கு முன்னால் நான். இரண்டு வீட்டாரும் குளிக்கக் குளிக்க எண் இறங்கியது. எண்பது, ஐம்பது, இருபது. பதினைந்துக்குக் கீழே போனால்தான் மோட்டார் ஓடும். ஆனால் இருபதிலேயே நின்றுவிட்டது. இத்தனை பேர் குளித்தும் தொட்டி அசரவில்லையே என்று (சத்தியமாக) மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். இடுப்பில் துண்டு, உச்சி முதல் பாதம் வரை சோப்பு.

“தண்ணி நின்னுடுத்து.”

“நிக்க சான்ஸே இல்லை, அத்திம்பேர்! இருபது பர்சென்ட் இருக்கு. வந்து பாருங்கோ.” (கண்ணைத் திறக்க முடியாதவரைப் பார்க்கக் கூப்பிட்டேன்.)

அப்பா பஞ்சகச்சத்தோடு ஏணியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“காலிடா! சொட்டு இல்லை!”

“ஸ்கிரீன்ல இருபது காட்டறதேப்பா!”

“அப்போ மாப்பிள்ளையை ஸ்கிரீன்லயே குளிப்பாட்டு!”

பொத்தானை அமுக்கி மோட்டாரைப் போட்டேன். ஆனால் குழாயில் தண்ணீர் வருவதற்குள் முகூர்த்தம் தாண்டிவிடும். சோப்பு நுரையோடு பிள்ளையை மணையில் உட்காரவைக்கச் சம்பந்தி சம்மதிப்பாரா? கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்துபோனேன். அம்மாதான் சமையலறையில் காபிக்குக் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவைக் கைகாட்டினாள். விளாவப் பச்சைத் தண்ணீர் கிடையாது. ரோஸ்மில்க்குக்கு வாங்கிய ஐஸ் கட்டியைப் போட்டார்கள். மாப்பிள்ளை குளித்தார். சம்பந்தி வீட்டார் காபி இல்லாமல் கல்யாணம் பார்த்தார்கள். (அந்த முகங்கள் வீடியோவில் இருக்கின்றன.)

தாலி கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டி காலியானாலும் சென்சார் சும்மா இருப்பதில்லை. முழு அளவு மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தால்தான் பூஜ்யம். அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் சதவீதமாக்க வேண்டும். நான் கழிக்கவில்லை. ‘ஒன்றுமே இல்லை, ஆனால் நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று அது விடாமல் சொல்லியிருக்கிறது! இப்படி யோசித்தவர் யாரோ, அவர் காலில் விழலாம் போலிருந்தது. கையில் அட்சதையோடு அப்படியே நின்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது எதையாவது ‘இருக்கு’ என்றால், அத்திம்பேர் “ரீடிங்கா, நெஜமாவா?” என்பார். அக்காவின் பிரசவத்தன்று நர்ஸ் வெளியே வந்து, “பையன் சார், மூணு கிலோ இருக்கான்” என்றபோதும், வெலவெலத்துப்போய் அதையேதான் கேட்டார்.

அந்த அம்மாள் உள்ளே போய், குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.