மாத்திரையா, திரவமா, உப்பா?

“மாத்திரையா, திரவமா, உப்பா? ஒண்ணைச் சொல்லுங்க டாக்டர். குளோரினுக்கு வழி பண்ணிட்டா என் வேலை முடிஞ்சுது” என்றார் குளம் கட்டியவர்.

பல் டாக்டர் அவரை நன்றியோடு பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் தளதளவென்று நிரம்பி நின்றது. நாளைக் காலையே அதில் இறங்க வேண்டியிருக்குமோ என்று காலையிலிருந்து அவர் பயந்துகொண்டிருந்தார்.

“மூணுக்கும் என்ன வித்தியாசம்?”

“மாத்திரையை ஒரு மிதவைக்குள்ள போட்டு விட்டா மெல்லக் கரையும். திரவம்னா சின்ன பம்பு சொட்டுச் சொட்டா விடும். உப்புன்னா, தண்ணியில உப்பைக் கரைச்சு ஒரு மெஷினை மாட்டிடுவோம். அது உப்புலேர்ந்து குளோரினைத் தானே எடுத்துக்கும்.”

“இதுல எல்லாம் அவசரப்படக் கூடாது. படிச்சுப் பார்த்து ஒரு வாரத்துல சொல்றேன்.”

விஷயம் இதுதான்: டாக்டருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அவரிடம் பல் காட்ட வந்த யாரைக் கேட்டாலும், அவர் பெரிய நீச்சல் வீரர் என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். குறுக்குக் கேள்வி வராது. வெள்ளம் வந்த ஆற்றை இளவயதில் நீந்திக் கடந்த கதையை இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் வெறுங்கையோடுதான் நீந்தினார். பிறகு தோளில் ஓர் ஆட்டுக்குட்டி ஏறிக்கொண்டது. சமீப காலமாக அது கன்றுக்குட்டி.

வீட்டிலேயேதான் கிளினிக். முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் அவர் மனைவி. அதற்கும் அவர் பல் பார்க்கும் அறைக்கும் நடுவில் இருந்த கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாத கதவு.

ஆறு மாதம் முன்பு அவள்தான் ஆரம்பித்தாள். “முட்டி வலி உயிர் போகுதுங்க. தண்ணிக்குள்ள நடந்தா சரியாகுமாம். வீட்டோட ஒரு குளம் கட்டிக்கலாம். எனக்குத் தண்ணின்னா பயம். ஆனா நீங்கதான் ஆத்தையே தாண்டினவராச்சே, என் கையைப் புடிச்சுக்க மாட்டீங்களா?”

அவர் தலையை ஆட்டி வைத்தார்.

குளோரின் ஆராய்ச்சி ஒரு வாரம் நடந்தது. அதற்குள் தண்ணீர் கீரை கடைந்த நிறத்துக்கு வந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு தவளை வந்து குளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்திக் காட்டியது. டாக்டருக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

“குளம் வெட்டினோமா, குட்டை வெட்டினோமா?” என்று கேட்டாள் மனைவி.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. மெல்லக் கரையும் என்று சொன்னாரே என்று டாக்டர் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். குளத்துக்காரர் பாசியைத் தேய்த்து எடுத்து, மிதவையை விட்டுப் போனார். மூன்றே நாளில் தண்ணீர் தெளிந்தது. தண்ணீர் தெளியத் தெளிய டாக்டரின் முகம் கலங்கியது.

மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து மிதவையை இழுத்தார். உள்ளே இருந்த மாத்திரைகளை ஒரு துண்டில் சுருட்டினார். காலடிச் சத்தம் கேட்டதும் கைக்கு எட்டிய அழுக்குத் துணிக் கூடையில் திணித்தார்.

அடுத்த நாள் அவருடைய ஆறு சட்டைகளில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள்.

“மிதவைக்குள்ள இருந்த மாத்திரை கூடைக்குள்ள எப்படிங்க வந்துச்சு?”

“காத்துல வந்திருக்கும்.”

“துண்டையும் சுத்திக்கிட்டா?”

“அதான் சொல்றேன், மாத்திரை நமக்குச் சரிப்படாது. திரவத்துக்கு மாறிடலாம்” என்றார் டாக்டர்.

திரவம் வந்தது. பம்பின் முகத்தில் ஒரு திருகு இருந்தது. எவ்வளவு குறைவாகச் சொட்டுகிறதோ அவ்வளவு நாள் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டு, டாக்டர் அதைக் கடைசி வரை இடப்பக்கம் திருப்பினார். குறைப்பதற்கு வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் வீடு முழுக்க நெடி. முன்னறையில் காத்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். நாற்காலியில் படுத்திருந்த பெரியவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்க பிடுங்கவே வேணாம் டாக்டர். இந்த நெடிக்குப் பல்லு தானா விழுந்துடும்.”

குளத்துக்காரர் ஓடி வந்து பம்பை நிறுத்தினார். “நாலு நாளைக்கு யாரும் இறங்கக் கூடாது” என்று அவர் கண்டிப்பாகச் சொன்னபோது, டாக்டருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நாலு நாளும் அவர் நன்றாகத் தூங்கினார். ஐந்தாம் நாள் மனைவி சொன்னாள்: “பேசாம உப்புக்கே மாறிடுவோம்.”

டாக்டர் யோசித்தார். குளம் நிறைய உப்பு என்றால் சும்மாவா? மூட்டை மூட்டையாக வர வேண்டும், கரைய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். “ஆகட்டும்” என்றார் தாராளமாக.

மத்தியானமே மூட்டைகள் வந்து இறங்கின. சாயங்காலம் மெஷினை மாட்டியாயிற்று. இரண்டு நாளில் தண்ணீர் கண்ணாடி. ஆழத்தில் கிடந்த கொண்டை ஊசியின் வளைவுகூடத் தெரிந்தது. நெடியும் இல்லை, ஒன்றும் இல்லை. சாக்குச் சொல்ல ஒரு தூசி இல்லை.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. என்னை மறந்துடாதீங்க டாக்டர்!” என்றார் குளத்துக்காரர்.

“மறப்பேனா?” என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி நீச்சல் உடையில் கரையில் நின்றாள். அவள் வாங்கி வைத்திருந்த புது அரைக்கால் சட்டையில் டாக்டர் முதல் படியில் காலை வைத்தார். கணுக்கால் நனைந்தது. இரண்டாம் படியில் முழங்கால். மூன்றாம் படியில் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஒரு கையை விட்டு என்னைப் புடிங்க” என்றாள் மனைவி.

அவருடைய கை கம்பியை விட்டு வரவில்லை. இவளை நம்பவைத்து நடுக் குளத்துக்குக் கூட்டிப்போய், அங்கே தானும் தடுமாறினால்? அந்த நினைப்பு வந்ததும் ஆறு, வெள்ளம், கன்றுக்குட்டி எல்லாம் ஒரு நொடியில் அடித்துக்கொண்டு போயின.

“எனக்கு நீச்சல் தெரியாது” என்றார்.

கம்பியை விடாமலே மீதியையும் சொல்லிவிட்டார்.

“ஆறும் இல்ல, கன்னுக்குட்டியும் இல்ல. எல்லாம் புளுகு. வாளித் தண்ணிக்கு மேல பார்த்தாலே எனக்குப் பயம். அந்த மாத்திரையை ஒளிச்சு வச்சதும் நான்தான்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் மெதுவாக வந்து மேல் படியில் உட்கார்ந்து, அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

“சரி, விடுங்க. இதுக்கா இத்தனை நாளா இளைச்சுப் போனீங்க?”

டாக்டருக்கு மார்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் நோயாளிகள் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவரும் சிரித்தார்.

பக்கக் கதவு திறந்தது. கழுத்தில் விசில், கக்கத்தில் ஒரு மிதவைப் பலகையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். நீச்சல் கிளப்பில் பயிற்சி கொடுப்பவளாம். மனைவிதான் வரச் சொல்லியிருந்தாளாம்.

டாக்டருக்கு இன்னும் நிம்மதியாயிற்று. “சரியான நேரத்துக்கு வந்தீங்கம்மா! இவளுக்கு முட்டி வலி, தண்ணின்னா பயம் வேற. அவசரப்படாம, மெதுவாச் சொல்லிக்குடுங்க.”

அந்தப் பெண் விழித்தாள். “அம்மாவுக்கா? ரெண்டு வருஷமா எங்க கிளப் போட்டியில எல்லாரையும் முந்துறதே அவங்கதான் சார். நாலு பேர் முன்னாடி கத்துக்க உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னுதானே இந்தக் குளத்தையே கட்ட வச்சாங்க? வாங்க, பலகையைப் புடிங்க!”