ஜன்னல் ஓரமும் பெரிய ஆம்ப்ளிஃபயரும்

அநியாயம் நடந்தது அன்புமொழிக்கு. செய்தவன் அவள் புருஷன் அடைக்கலம். திருமயம் கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறவன். எந்தப் பயிருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். பெண்டாட்டி ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஜன்னல் ஓரம் இருந்த அவளுடைய தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எதற்காக? பாட்டுக் கேட்பதற்காக.

பாட்டுக் கேட்க வீட்டில் வழி இல்லாமலா இருந்தது? உள்ளங்கையில் அடங்குகிற டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று டிவிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு திருகும் ஒரு நீல விளக்கும். பின்னால் இரண்டு ஸ்பீக்கருக்கு ஒயர். விலையும் குறைவு, உருவமும் குறைவு, சத்தத்தில் மட்டும் குறை கிடையாது. திருகைக் கால்வாசி திருப்பினால் வீடு நிறையும். அரைவாசி திருப்பினால் எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அய்யாக்கண்ணு ஜன்னலைச் சாத்துவார். சாத்துகிற சத்தம் பாட்டை அமுக்கிவிடும். முக்கால்வாசி எப்படி இருக்கும் என்று அந்தத் திருகுக்கே தெரியாது. இதை மாற்றி இன்னொன்று எதற்கு என்று யாராவது அவனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் கண்ணன் அல்லவா இருந்தான்.

கண்ணன் அறந்தாங்கிக்காரன், அடைக்கலத்தோடு படித்தவன், துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் வீட்டு ஆம்ப்ளிஃபயர் கல்லாப்பெட்டி அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடைக்கலம் போய்க் கேட்டான். தவில் அடித்தால் நெஞ்சில் விழுந்தது. பாடுகிற அம்மாள் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஒன் வீட்டுல இந்த மூச்சு கேக்குமாடா என்றான் கண்ணன். கேட்காது. அவள் அங்கே மூச்சை இழுத்தாள், அடைக்கலம் இங்கே அறிவை விட்டான்.

அன்றிலிருந்து அவன் தரையில் நடக்கவில்லை. வேப்பம்புண்ணாக்கு கேட்டு வந்தவருக்கு வாட்ஸ் பற்றி விளக்கினான். நெல்லுக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டவரிடம், நெஞ்சில் அடிக்கிற மாதிரி பாஸ் இருக்க வேண்டும் என்றான். வீட்டில் நேற்றுவரை தேனாக ஒழுகிய சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒரே ராத்திரியில் தகர டப்பா ஆகிவிட்டது. மாற்றியே தீர வேண்டும். ஸ்பீக்கர்களும் பெரிதாக வேண்டும். அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அதற்குத் தோதான சுவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், ஜன்னல் இருக்கிற சுவர்.

அந்த ஜன்னல் அன்புமொழிக்கு என்ன என்று அவனுக்குத் தெரியாதா? மெரூன் ஜாக்கெட்டுக்கு மெரூன் நூல் கோத்திருக்கிறோமா கறுப்பு நூல் கோத்திருக்கிறோமா என்பது பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். தெருவில் போகிற பெண்கள் அந்தக் கம்பி வழியாகத்தான் துணியைக் கொடுப்பார்கள், கழுத்து எவ்வளவு இறக்கம் என்று சொல்வார்கள், வாங்கிப்போவார்கள். அது அவளுடைய கடை. இவன் கடையில் யூரியா மூட்டையைத் தள்ளிவிட்டு எவளாவது ஒரு தையல் மிஷினைப் போட்டுப் பார்க்கட்டுமே, ஊர்ப் பஞ்சாயத்தையே கூட்டியிருப்பான்.

அன்புமொழி கை நிறைய வளையலோடு வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கொல்லைக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டி மிஷின் தலையில் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தாள். அடைக்கலம் காலையிலிருந்தே பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தான். சண்டைக்கு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"பெரிசா ஒண்ணு வாங்கப்போறேன்."

"வாங்குங்க."

"ரொம்பப் பெரிசு."

"வாங்குறதே வாங்குறீங்க. தெருவுக்கே கேக்குற மாதிரி வாங்குங்க."

அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. தயார் செய்த பதில்கள் எல்லாம் வீணாயின.

"கோவம் இல்லையே?"

"எனக்கென்ன கோவம். எப்பங்க வருது?"

"வர்ற ஞாயித்துக்கெழமை. புதுக்கோட்டையில சொல்லி வச்சாச்சு."

"அப்ப செல்வராணி வீட்டு விசேஷத்துக்கு முன்னாடியே வந்துரும்."

"அதுக்கு முன்னாடியே வந்துரும்" என்றான் அடைக்கலம், பெருமையாக.

செல்வராணி அவன் தங்கை. அறந்தாங்கிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் ஹரிணிக்கு அடுத்த மாதம் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்த்தட்டு கொண்டுபோக வேண்டும். அடைக்கலம்தான் தாய்மாமன்.

அந்த வாரம் முழுக்க அவன் சிறு பிள்ளையாக இருந்தான். டேப்பை வைத்துச் சுவரை அளந்தான். ஸ்பீக்கர் நிற்கப்போகிற இடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டான். கட்டத்துக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி, இன்னும் வராத ஆம்ப்ளிஃபயரில் இன்னும் வராத மூச்சைக் கேட்டான். அன்புமொழி வழக்கம்போலச் சாயங்காலம் நாத்தனாரோடு போனில் பேசினாள். உங்க அண்ணன் பெரிய பாட்டுச் செட்டு வாங்குறார் என்றாள். காதுகுத்துக்கு முன்னாடி வந்துருமாம் என்றாள். எதுக்குத்தான் இவ்வளவு ஆசை ஆசையா வாங்குறாரோ என்றாள். இதில் ஒரு சொல் பொய் உண்டா? மிச்சத்தைத் தங்கை தானாக நினைத்துக்கொண்டால் அதற்கு அண்ணி என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை. அடைக்கலம் சலவைச் சட்டை போட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டான். போன் அடித்தது.

"அண்ணே, அண்ணி சொன்னதுலேருந்து எனக்குக் கண்ணு கலங்கிக்கிட்டே இருக்குண்ணே."

"எதுக்கும்மா?"

"சீரோட பாட்டுச் செட்டும் வச்சுக் கொண்டு வர்றீங்களாமே. எங்க வீட்டுல இதுவரைக்கும் எந்தத் தாய்மாமனும் செய்யலைண்ணே. எங்க மாமியா தெருவெல்லாம் சொல்லியாச்சு."

அடைக்கலம் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தான். அங்கே கடுகு மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது.

"கொண்டு வாரேன்மா, அதுக்கென்ன. விசேஷம் முடிஞ்சதும் அதே குட்டியானை வண்டியில ஏத்தி..."

"வெளையாடாதீங்கண்ணே. சீர்ல வந்த சாமான் எங்கயாச்சும் திரும்பிப் போகுமா? ஃப்ரிட்ஜ் பக்கத்துல எடம் ஒதுக்கியாச்சு. தூசி விழாம மூடி வைக்க எங்க மாமியா பூப்போட்ட துண்டுகூட எடுத்து வச்சிருக்காங்க."

பூப்போட்ட துண்டு! அந்தத் துண்டுக்கு அடியில் பாடகி மூச்சு முட்டிச் சாவதை அடைக்கலம் கண்ணால் கண்டான்.

உட்கார்ந்தான். யோசித்தான். இன்று வாங்கினால் அது ஃப்ரிட்ஜ் பக்கத்துக்குப் போகும். காதுகுத்து முடிந்து வாங்கினால், தங்கை தீபாவளிக்கு வருவாள், பார்ப்பாள். சீருக்குக் கொடுக்க மனம் வராமல் ஒளித்து வாங்கிய தாய்மாமன் என்று அவன் பெயர் பேரன் பேத்தி காலம்வரை நிற்கும். இந்த வீட்டு வாசலில் எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் வந்து இறங்கினாலும் அது செல்வராணியுடையது. அவனுக்கு என்று மிஞ்சுவது எது? டிவிக்குப் பக்கத்தில் நீல விளக்கு எரிந்தது. திடீரென்று அது எவ்வளவு அழகாக இருந்தது!

"செல்வி, நான் நல்லா யோசிச்சேன்மா. இருக்குறதே எனக்குப் போதும். புதுசு வாங்கலை."

"அப்ப இருக்குறதையாச்சும் சீர்ல வச்சிருங்கண்ணே."

அடைக்கலம் பாய்ந்துபோய்ச் சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கையால் பொத்திக்கொண்டான், தங்கை போன் வழியாகக் கையை நீட்டிவிடுவாள் என்பதுபோல. அது சோப்பு டப்பா மாதிரிம்மா என்றான். தட்டில் வைத்தால் வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் மறைந்துவிடும், மாமியார் தேடுவார் என்றான். கெஞ்சினான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பந்தலுக்குக் கோன் ஸ்பீக்கரும் சீரியல் லைட்டும் வாடகைக்கு அமர்த்துவது என்றும், அதைத் தாய்மாமன் பார்த்துக்கொள்வது என்றும்.

சலவைச் சட்டையைக் கழற்றி மாட்டினான். கொல்லைக்குப் போய்ச் சாக்கை விலக்கினான். மிஷினைத் தூக்கி வந்தான், துடைத்தான், எண்ணெய் விட்டான். சாக்பீஸ் கட்டத்தைக் காலாலேயே அழித்துவிட்டு ஜன்னல் ஓரம் பழையபடி போட்டான். இருக்கிறதே போதும் என்று தீர்மானித்துவிட்டதாக அன்புமொழியிடம் கொஞ்சம் உரக்கவே அறிவித்தான். உங்க இஷ்டம் என்றாள் அவள். வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு, வெளிச்சத்தில் நூலைப் பிடித்துப் பார்த்தாள்.

அவனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏன் அன்பு, அன்னைக்கே வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேன்ல?"

அவள் ஊசிக் காதில் நூலைக் கோத்து முடித்தாள்.

"இந்தச் சின்னதையும் வேணாம்னுதாங்க சொன்னேன். வந்துச்சே."