மடிப்புக் கலையாத நாற்பத்தேழாயிரம்

நூலகத்தில் மூன்று வகைப் பிறவிகள் உண்டு. படிக்க வருபவர், மின்விசிறிக்கு அடியில் தூங்க வருபவர், புத்தகத்தைப் படிப்பவரிடமிருந்து காப்பாற்ற வருபவர். முதல் இரண்டு பேரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. மூன்றாமவருக்குத்தான் நாம் சம்பளம் கொடுத்து நாற்காலியும் போட்டிருக்கிறோம்.

எங்கள் காஞ்சிபுரத்தில் அந்த நாற்காலி ராமலிங்கத்துடையது. ஊருக்கும் கல்லூரிக்கும் பொதுவான பெரிய நூலகம் அது. அவரிடம் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். புத்தகம் வராது, சரித்திரம் வரும். எந்த ஜமீன்தார் எத்தனை மாட்டுவண்டிகளில் புத்தகம் அனுப்பினார், அதில் எது பாலாற்று மணலில் சிக்கியது, எந்தத் துரை எந்த அலமாரியைத் தட்டிப் பார்த்து 'குட்' என்றார், அச்சுப் புத்தகம் நாற்பத்தேழாயிரம், ஓலைச்சுவடி இரண்டாயிரத்துச் சொச்சம், எல்லாம் மூச்சு விடாமல் வரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது? அதை மட்டும் கேட்காதீர்கள். பட்டுக்கடைக்காரரையே புடவையைக் கட்டிக் காட்டச் சொல்வீர்களா?

சும்மா சொல்லவில்லை. ராமலிங்கம் பட்டுக்கடைக் குடும்பம். மடிப்புக் கலைந்த புடவை அன்றைக்கே கடையைவிட்டுப் போய்விட வேண்டும், இருந்தால் பக்கத்துப் புடவைக்கும் பேர் கெடும் என்று கேட்டு வளர்ந்தவர். ஆகவே அரிய புத்தகங்களை மல்துணியில் சுற்றி வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட வைப்பார். திறக்காமல்.

அறுபத்தெட்டில் ஒரு வியாழக்கிழமை, ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் மேரி வந்தாள். திங்கட்கிழமை ஆசிரியர் பயிற்சித் தேர்வு. தேறினால் மாகறல் பள்ளிக்கூடத்தில் வேலை. தேர்வுக்கு வேண்டிய குழந்தை உளவியல் புத்தகம் ஊரிலேயே ஒரு பிரதிதான், அது ராமலிங்கத்தின் மல்துணிக்குள்.

"சார், கொழந்தைங்க மனசப் பத்தின புக்கு ஒண்ணு..."

"உக்காரும்மா. இந்த லைப்ரரிய ஆரம்பிச்சது யாருன்னு தெரியுமா?"

வியாழன் ஜமீன்தாரோடு போயிற்று. வெள்ளி விடுமுறை. சனி முழுவதும் பாலாறு. ஞாயிறு காலை மேரி நேரே மேஜைக்கு வந்தாள்.

"வண்டிய மணல்லேர்ந்து தூக்கிட்டாங்களா சார்? நாளைக்குப் பரிச்ச."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த நெசவாளர் பழனி தலையைத் தூக்கினார். "குடுத்துடு சார். அந்தப் பொண்ணு நடையா நடந்துக்கினு இருக்குது. நானே அந்த வண்டிய எத்தினி வாட்டிதான் தள்றது?"

ராமலிங்கம் பெருமூச்சு விட்டுத் துணியைப் பிரித்தார். லண்டனில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகம். "வந்து அம்பது வருசம் ஆவுது. இன்னும் மடிப்பு கலையல, பாரு!"

உண்மைதான். அந்தக் காலத்து அச்சகத்தார் தாளை மடித்தபடியே தைத்து அனுப்பிவிடுவார்கள். வாங்கியவர்தான் ஓரத்தை வெட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வருஷமாக யாரும் பிரிக்கவில்லை. மேரி முதல் பக்கத்தைப் படித்தாள். அடுத்த பக்கத்துக்கு மடிப்புக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள்.

சர்ர்ர்க்.

மின்விசிறியடிக்காரர்கள் அத்தனை பேரும் விழித்துவிட்டார்கள்.

"ஐயையோ! கலைச்சிட்டியேம்மா!"

"படிக்கணுமே சார்."

"எடுத்துக்கினு போயிடு! நல்ல சரக்கு பக்கத்துல இத வைக்காதே!"

"எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?"

"திருப்பியா? இங்கியா?"

மேரி கைப்பிடியில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள். இப்போது மாகறலில் டீச்சர்.

செய்தி பிள்ளையார்பாளையம் வரை பரவ ஒரு வாரம் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு நூலக வாசலில் வரிசை. ஆளுக்கொரு கொண்டை ஊசி. பழனி, தறியில் இழை வெட்டும் கத்தியோடு முதல் ஆளாக நின்றார். ராமலிங்கம் இப்போதும் சரித்திரம் சொல்கிறார். நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் என்று சொன்ன கையோடு ஓலைச்சுவடிக்குத் தாவிவிடுகிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறதே, வருகிறவர்களிடமெல்லாம் தூரத்திலிருந்தே விரல் நீட்டி, எது எங்கே வாங்கியது என்று விவரம் சொல்வீர்களே, அதன் சாவி எங்கே? வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அப்படியே ஒரு கொண்டை ஊசியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.