மேற்படி காமாட்சி

பசங்களா, ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க அடுத்தவர் பத்திரங்களை ஜெராக்ஸ் எடுக்கிறவனுக்குத் தானும் பாதி வக்கீல் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு முழு வக்கீல் என்றே வந்துவிட்டது. (படிப்பு எட்டாவது. அதிலும் கணக்கில் தகராறு.)

பத்திர ஆபீஸுக்கு எதிரே நம் கடை. எத்தனையோ உயில்கள் என் மெஷினில் படுத்து எழுந்து போயிருக்கின்றன. அதனால், "பித்தப்பையில் கல், ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பயத்தைவிட உற்சாகம்தான் பொங்கியது. ஆகா, நாமும் ஒரு உயில் எழுதலாம்!

"வக்கீல் சாரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றாள் உங்கள் அம்மா.

"அவரே எங்கிட்டதான் ஜெராக்ஸ் எடுக்கிறாரு. அவருக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம். வாலாஜாபாத்திலிருந்து உங்கள் அத்தையும் மாமாவும் சாத்துக்குடியோடு வந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. உயிலை எடுத்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தேன்.

"நான் சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதி வைக்கும் உயில் என்னவென்றால், நான் குடியிருக்கும் வீடு முழுவதும், என் மேல் உயிரையே வைத்திருக்கும் காமாட்சிக்கே சேர வேண்டியது!"

உங்கள் அம்மா முகம் மலர்ந்தது. அதே நேரம் பக்கத்தில் ஒரு அலறல்.

"எங்கண்ணு! எந்தம்பி! அக்காவுக்கா எழுதி வச்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா பேரும் காமாட்சி!

எப்படி மறந்தேன் என்கிறீர்களா? அக்காவை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அக்கா பேராயிற்றே என்று உங்கள் அம்மாவையும் பேர் சொல்லாமல் "இந்தாம்மா" என்றே ஓட்டிவிட்டேன். (நம் ஊர் அம்மன் பேரே அதுதான். நடுத்தெருவில் நின்று "காமாட்சி" என்று கத்தினால் பாதி ஜன்னல் திறக்கும். அது தெரிந்தும் எழுதினேன் பாருங்கள்.)

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மாமா எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த செவுத்த இடிச்சிட்டா முன்னாடி ஒரு கடை வைக்கலாம்மே."

"மாமா, நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

"அதுக்கு இன்னாபா, அவசரமே இல்ல."

வாயைத் திறந்தேன். அழுகிற அக்காவிடம் "நீ இல்லக்கா" என்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டேன். உங்கள் அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுனா, நானும் பசங்களும் எங்கங்க போறது?"

பித்தப்பை வலியெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உடனே வக்கீலுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டேன்.

"சார், உயில்ல பொண்டாட்டி பேர எழுதினேன், அக்கா பேரா ஆயிடுச்சி!"

"உறவு, அப்பா பேரு, கதவு எண், நாலு எல்லை ஏதாவது போட்டியாபா?"

"இல்ல சார், காமாட்சின்னு மட்டும்."

"நல்ல வேள, கோயில்லருந்து ஆள் வரல. சாட்சி யாரு?"

"சாமி சாட்சியா எழுதினேன் சார்."

"சாமி கோர்ட்டுக்கு வந்து கூண்டுல ஏறுமா? நீ கையெழுத்து போடறதப் பாத்துட்டு ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து போடணும். உன்னுது உயிலே இல்ல, வெறும் பேப்பர். நீ ஒண்ணும் எழுதாம இருந்தாலே வீடு உன் பொண்டாட்டி புள்ளைங்களுக்குத்தான் போயிருக்கும். எழுதித்தான் கெடுத்திருக்க!"

"செல்லாதா சார்? நெஜமாவே செல்லாதா?" என்று துள்ளிக் குதித்தேன். தான் எழுதிய உயில் செல்லாது என்று கேட்டுக் குதித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பினால், வாசற்படியில் அக்கா.

"ஏன்டா, நான் அழுவும்போதே சொல்றதுக்கின்னா? முந்தான பூரா நனைஞ்சி பூட்ச்சே!"

காலில் விழப் போனேன். தடுத்துவிட்டாள்.

"உன் வீட்ட நீயே வச்சிக்க. எனக்கு அந்தக் கிரைண்டர எழுது."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வக்கீலையே உயில் எழுத வைத்தேன். "என் மனைவி காமாட்சி" என்று தொடங்கி, அவள் அப்பா பேர், கதவு எண், நாலு எல்லை, கிரைண்டர் எல்லாம் போட்டார். ரெண்டு சாட்சிகள் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டேன், அவர்களும் போட்டார்கள். பதிவும் செய்தாயிற்று. அதில் உங்கள் அம்மா வரும் இடமெல்லாம் "மேற்படி காமாட்சி".

கிரைண்டர் இப்போது வாலாஜாபாத்தில்தான் இருக்கிறது. "நீ சாவற வரைக்கும் மாவு காத்துக்கினு இருக்குமா?" என்று அக்கா அன்றே ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

உங்கள் அத்தை போன் செய்யும்போதெல்லாம் எடுத்ததும் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று கேட்டீர்களே, இதனால்தான்:

"அலோ, மேற்படி இல்லாத காமாட்சி பேசறேன். மேற்படிய கூப்புடு."