சத்தமடக்கிச் சாமியின் பை

அரவேணு என்ற மலையூருக்கு ஒரு மகான் வந்து சேர்ந்தார். நோய் தீர்ப்பவர் அல்ல, மழை வரவழைப்பவரும் அல்ல. அதெல்லாம் பழைய மாடல். இவர் வாஷிங் மெஷினுக்குப் பேய் ஓட்டுபவர். பேர் சத்தமடக்கிச் சாமி. முனகும் ஃபிரிட்ஜோ, கடகடக்கும் கிரைண்டரோ, எதுவானாலும் அது இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அரை மணி நேரம் மணியோசை. கதவு திறந்தால் சாமான் பரம சாதுவாக இருக்கும். தட்சணை வீட்டுக்கு ஐயாயிரம். கோத்தகிரியிலிருந்து ஜீப் பிடித்து வந்து கூப்பிட்டார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் சில்வஸ்டர் வாத்தியார்கூடத் தன் மிக்ஸியைத் துண்டில் மூடிக்கொண்டு சாமி பின்னாலேயே அலைந்தார். ஏமாறுவதில் மட்டும் நம் ஜனங்களுக்குள் மத பேதமே கிடையாது!

செல்லக்கண்ணு வீட்டுக்கும் சாமி எழுந்தருளினார், கூட்டத்தோடு. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் செல்லக்கண்ணுவுக்குக் கல்யாணச் சீராகத் தாய்வீட்டிலிருந்து வந்த வாஷிங் மெஷின், துணி பிழியும்போதெல்லாம் தடதடவென்று ஆடி, சுவரை விட்டு ஒரு முழம் நடந்துவிடும். காத்து கருப்பேதான் என்று மாமியார் மருதாம்பாள் முடிவு கட்டிவிட்டாள்.

சாமி தோளிலிருந்த காவிப் பையை இறக்கினார். 'ணங்' என்றது.

"பைக்குள்ள என்னங்க சாமி, இரும்புச் சத்தம் கேக்குது?" என்றாள் செல்லக்கண்ணு.

சாமி சட்டென்று கண்ணை மூடினார். திறந்தார். "தோஷம் மெஷின்ல இல்லீங்க. அதைக் கொண்டாந்த பொண்ணுகிட்ட இருக்குது. நான் இப்ப அடக்கிப்போடறேன். ஆனா இவ இந்த ஊட்டுல இருந்தா மறுபடியும் ஆடும். தாய் ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க."

கேள்வி கேட்டால் தோஷம். எவ்வளவு வசதியான சாஸ்திரம் பாருங்கள்!

மருதாம்பாள் மருமகளின் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். "ஏனுங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று செல்லக்கண்ணு கணவனைப் பார்த்தாள். பொன்ராஜ் கூரையைப் பார்த்தான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாலு வருஷம் பொங்கிப் போட்டதற்கு இதுதானா மரியாதை?

"போறனுங்க அத்தை. ஆனா ஒண்ணு. சாமிக்கு மந்திரம் வாயிலதானுங்க இருக்குது? பை இங்கயே இருக்கட்டும். வெறுங்கையோட உள்ள போயி மெஷினை அடக்கட்டும். அடங்கிருச்சுன்னா அடுத்த பஸ்சுக்கு நானே கெளம்பிடறேன்."

"பூஜைச் சாமானெல்லாம் அதுல..." என்று இழுத்தார் சாமி.

"மணி, விபூதி, கற்பூரம் எல்லாம் நம்ம ஊட்டுலயே இருக்குதுங்க."

கூட்டத்துக்கு அது நியாயமாகவே பட்டது. சாமி தப்ப வழியில்லாமல் உள்ளே போனார். மணி அடித்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே அடித்தது. அரை மணி கழித்து, பனி கொட்டும் டிசம்பரில் வேர்த்து வழிய வெளியே வந்தார். மெஷினைப் போட்டார்கள். அது தடதடவென்று ஆடி, நேராகச் சாமியை நோக்கியே நடந்து வந்தது.

செல்லக்கண்ணு பையைக் கவிழ்த்தாள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்க் குப்பி, டயரில் வெட்டிய ரப்பர் துண்டுகள்! அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபாக்டரியில் மெஷின் அதிர்ந்தால் ஃபிட்டர் செய்வதைத் தினமும் பார்க்கிறவள் அவள். குனிந்து பார்த்தாள். மலைச்சரிவில் கட்டிய வீடு, தரை ஒரு பக்கம் வாட்டம். மெஷினின் ஒரு கால் தரையில் படவே இல்லை. அந்தக் காலை ஸ்பேனரால் இரண்டு சுற்றுத் திருகி இறக்கினாள். நாலு காலுக்கும் அடியில் ரப்பரைச் செருகினாள். மெஷின் உர்ரென்று சுற்றியது. இடத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

"மெக்கானிக்குன்னு சொல்லிட்டு வந்தப்ப இந்த ஊர்ல ஒருத்தர்கூடக் கூப்பிடலீங்க" என்று முனகிக்கொண்டே சாமி பஸ்ஸுக்கு ஓடினார்.

மருதாம்பாள் பெட்டியைச் சத்தமில்லாமல் உள்ளே எடுத்து வைத்தாள். சில்வஸ்டர் வாத்தியார் மட்டும் மிக்ஸியோடு நெருங்கி வந்து பயபக்தியாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஸ்பேனரை எங்க மந்திரிச்சது?"

செல்லக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு சுத்துத் திருகற வேலைக்கு ஒரு பொம்பளையவே ஊட்டை விட்டுத் துரத்தப் பாத்தீங்களே! அடுத்த சாமி வர்றதுக்குள்ள எல்லாரும் அவங்கவங்க மூளையைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க சார். பொறந்ததுல இருந்து அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காம அப்படியே வெச்சிருக்கறீங்க!"