ஐஸ்பெட்டி சொன்னால்தான் தண்ணீர்

காஞ்சிபுரத்தில் சாமியை நம்பாதவர்கள் உண்டு. பட்டுக்கடைக்காரரை நம்பாதவர்கள் ஏராளம். தண்ணீரையே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான்: எங்கள் ஐஸ்பெட்டி.

நாங்கள் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தோம். ஊர் ஊராகப் போய் சாம்பிள் பிடித்துவருவது அவர் வேலை. சோதித்துச் சொல்வது என் வேலை. பாட்டில்கள் சூடாகக் கூடாதென்று ஸ்கூட்டர் பின்னால் ஒரு ஐஸ்பெட்டியைக் கட்டியிருப்பார். தெருப்பிள்ளைகள் ஓடிவந்து, "அண்ணா, குச்சி ஐஸ் இருக்குதா?" என்று கேட்கும். "சாக்கடைத் தண்ணிதான் இருக்குது. எந்தத் தெருவுது வேணும்?" என்பார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறோமோ அதே தண்ணீரால் பாட்டிலை முதலில் அலசிக் கொட்ட வேண்டும் என்பது எங்கள் தொழில் முறை. அவருக்கு அது வாழ்க்கை முறை. டீக்கடையில் முதல் மடக்கை கிளாஸுக்குள் சுழற்றித் தெருவில் ஊற்றிவிட்டுத்தான் மீதியைக் குடிப்பார்.

"யோவ், என் டீயில என்னய்யா விஷமா இருக்குது?"

"உன் டீ மேல சந்தேகமில்லபா. அதுக்கு முன்னாடி இந்த கிளாஸ்ல குடிச்சவன் மேலதான்."

சின்ன காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில் உள்ளங்கைத் தீர்த்தத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பட்டர் பொறுமை இழந்து, "ஸ்வாமி, அது சாப்பிடறதுக்கு. பாத்துண்டு நிக்கறதுக்கு இல்லே" என்றார்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி. கல்லெடுத்து முடித்த குழியை மண் கொட்டி மூடி, வேப்பங்கன்று நட்டு, நிலத்தடி நீரைக் கண்காணிக்க ஓரத்தில் குழாய்கள் இறக்கியிருந்தார்கள். பாறை பிளந்த வெடிமருந்தின் நைட்ரேட் நீரில் இறங்கியிருந்தது. கைக்குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. அதனால் பக்கத்துக் காலனியின் பொது போர்வெல்லுக்குப் பூட்டு. குவாரியில் கல்லுடைத்துப் பிழைத்த குடும்பங்கள், பிளீச்சிங் பவுடர் வாசமடிக்கும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றன.

அவர்களின் தலைவி ஸ்டெல்லா அக்கா. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "புள்ளத்தாச்சிய வச்சிக்கினு லாரி பின்னாடி ஓட முடியுமா சார்? நல்லா இருக்குதுன்னு எழுதிட்டுப் போயேன்" என்றார்.

"தண்ணி சொல்லட்டும்மா" என்றார் ஐஸ்பெட்டி.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். காலனியே கூடி நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தது. அப்போதே எனக்கு உறுத்தியது. ஐஸ்பெட்டி கண்காணிப்புக் குழாய்க்குள் மோட்டாரை இறக்கினார். குழாயில் தேங்கியதை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு ஊறி வருவதைத்தான் பிடிக்க வேண்டும். பீறிட்டு வந்ததை முகர்ந்தார். முகம் மாறியது.

"பூமிக்குள்ள யாரும்மா பிளீச்சிங் பவுடர் போட்டது?"

தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஸ்டெல்லா அக்காவால் தாங்க முடியவில்லை.

"ஐயோ, நிறுத்து சார்! அது நாங்க குடிக்கிற லாரித் தண்ணி! வூட்டுக்கு ஒரு கொடம்னு ராவெல்லாம் ஊத்தினோம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மகளின் வயிற்றைப் பார்த்ததும் நின்றது. ஐஸ்பெட்டி மோட்டாரை நிறுத்தவில்லை. வாசனை போய், தண்ணீரை அளக்கும் மீட்டர் ஒரே எண்ணில் நின்ற பிறகே பாட்டிலைப் பிடித்தார். முடிவு மோசம்தான். அதைச் சொல்லவும் அவரே போனார். ஸ்டெல்லா அக்கா கொடுத்த வசவை இங்கே எழுத முடியாது.

பேரன் லாரித் தண்ணீரில்தான் வளர்ந்தான். மழைக்காலங்கள் வந்து போயின. நைட்ரேட் மெல்ல மெல்ல இறங்கி, ஒருவழியாகப் பூட்டைத் திறக்க உத்தரவு வந்தது. கண் ஆபரேஷன் ஆகி ஐஸ்பெட்டி வீட்டில் படுத்திருந்தார். அதிகாரி ஒருவர் பூட்டைத் திறந்து, பேசி, கைதட்டல் வாங்கினார். குடங்கள் மட்டும் நகரவில்லை.

"ரிசல்ட் நான்தாங்க்கா பார்த்தேன். நல்லா இருக்குது" என்றேன்.

"நீ சொல்றது சரிதான்பா. அந்த ஆளு சொல்லட்டும்."

ஐஸ்பெட்டிக்குப் போன் போட்டு, ரிசல்ட்டை எண்ணோடு சொல்லிவிட்டு, அக்காவிடம் கொடுத்தேன். ஸ்டெல்லா அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பேரனுக்குக் குடுக்கலாமா சார்?"

"குடுக்கலாம்மா."

முதல் குடம் குழாயடிக்கு வந்தது. போனை வாங்கிக் காதில் வைத்தேன். ஐஸ்பெட்டி இன்னும் லைனில்தான் இருந்தார். போனைக் குழாய்ப் பக்கம் நீட்டி, கடைசிக் குடம் நிறையும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.